யு.கே.ஜி. பட்டதாரியின் பெற்றோருக்கு ஒரு கையேடு

வாழ்த்துகள்! உங்கள் குழந்தை யு.கே.ஜி. முடிக்கப்போகிறது. ஏ முதல் இசட் வரை எழுதும். நூறு வரை எண்ணும். எழுபத்தொன்பதுக்கு அப்புறம் கொஞ்சம் தடுமாறும். கொண்டுபோன தண்ணீர் பாட்டிலை மூடியோடு திருப்பிக் கொண்டுவருவது மட்டும் இன்னும் கைகூடவில்லை. பரவாயில்லை. அங்கி போட்டு, சதுரத் தொப்பி வைத்து, மேடையேறிப் பட்டம் வாங்க இது போதும்.

சென்னைப் புறநகரில் பல்லாவரத்தில் தொடங்கி குரோம்பேட்டை, சேலையூர், மேடவாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் என்று கூடுவாஞ்சேரி வரைக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடக்கும் இந்த வைபவத்துக்கு 'கிராஜுவேஷன் டே' என்று பெயர். மொட்டை, காதுகுத்து என்றால் என்ன வாங்க வேண்டும், யாரை அழைக்க வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். இதில் அவர்களுக்கு அனுபவம் கிடையாது. அவர்கள் காலத்தில் பட்டம் வாங்குவதற்கு முன்னால் படிக்க வேண்டியிருந்தது. ஆகவே இந்தக் கையேடு.

1. சர்க்குலரைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள்

பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்ததும் சர்க்குலர் வரும். முதலில் டைரியில் ஒட்டி வரும்; பிறகு வாட்ஸ்அப் குரூப்பில் வரும்; அதன் பிறகு 'சர்க்குலர் வந்துச்சா?' என்ற கேள்வியாக இரவு பத்து மணி வரை வந்துகொண்டே இருக்கும். முதல் வரியில் பள்ளி பெருமகிழ்ச்சி அடைந்திருக்கும். பள்ளி மகிழ்ச்சி அடையும் போதெல்லாம் கடைசி வரியில் ஒரு தொகை இருக்கும் என்பதை எல்.கே.ஜி. அட்மிஷன் நாளிலேயே கற்றிருப்பீர்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.

தொகைக்குப் பக்கத்தில் 'ஆப்ஷனல்' என்று எழுதியிருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். தனியார் பள்ளிகள் மனம்போலக் கட்டணம் வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2009-இல் ஒரு சட்டம் வந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. கோவிந்தராஜன் தலைமையிலான குழு 2010-இல் பள்ளிவாரியாகக் கட்டணம் நிர்ணயித்தது. குழு நிர்ணயித்ததற்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் குஞ்சம் வைத்த தொப்பியைக் கட்டணம் என்று யார் சொன்னது? அது பெற்றோரின் விருப்பம். விருப்பத்துக்கு உச்சவரம்பு விதிக்க எந்த நீதிபதியாலும் ஆகாது.

அந்த விருப்பம் இப்படித்தான் உருவாகிறது. முதல் நாள் நாலு பேர் குரூப்பில் 'பெய்டு' என்று போடுவார்கள். அடுத்த நாள் அது இருபதாகும். அதற்கும் அடுத்த நாள் மிஸ் ஒரு பட்டியல் போடுவார். தலைப்பு 'பென்டிங்'. அதன் கீழே பெற்றோரின் பெயர் இருக்காது. குழந்தைகளின் பெயர் இருக்கும். அன்று மாலைக்குள் உங்களுக்கும் மனப்பூர்வமான விருப்பம் வந்துவிடும். ஜிபே செய்யுங்கள். ஸ்க்ரீன்ஷாட் போட மறக்காதீர்கள்.

2. பட்ஜெட் போடுங்கள்

கீழே இருப்பது மாதிரிக் கணக்கு. உங்கள் பள்ளியைப் பொறுத்துத் தொகை மாறும், மேல்நோக்கித்தான் மாறும்.

கவுன், தொப்பி வாடகை: 600
சான்றிதழும் அதற்கு ஒரு ஃபைலும்: 150
மெடல்: 200
குரூப் ஃபோட்டோ: 250
தனி ஃபோட்டோ, லேமினேஷனுடன்: 350
கவுனுக்குள் போட புது டிரஸ்: 1,500
கறுப்பு ஷூ: 700
விழா முடிந்து ஓட்டலில் சாப்பாடு: 1,800
மொத்தம்: 5,550 ரூபாய்

கணக்கை உற்றுப் பாருங்கள். கவுன் இதில் ஒன்பதில் ஒரு பங்குதான். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும் கவுனுக்குள், யார் கண்ணுக்கும் தெரியாமல் இருக்கப்போகிற டிரஸுக்கு அதைவிட இரண்டரை மடங்கு. 'உள்ளே பழசு போட்டா என்ன?' என்று வீட்டில் கேட்க நினைத்தால் தாராளமாகக் கேளுங்கள். பதிலையும் இந்தக் கையேடே சொல்லிவிடும்: 'ஃபோட்டோவுக்கு அப்புறம் கழட்டுவாங்கல்ல?'

இன்னொரு கணக்கும் உண்டு. இதைக் குரூப்பில் போட வேண்டாம். ஒரு செக்‌ஷனில் நாற்பது குழந்தைகள் என்றால், தலைக்கு 600 வீதம் 24,000 ரூபாய். இதே பணத்தில் நாற்பது கவுன் தைத்து ஆபீஸ் ரூம் பீரோவில் வைத்துவிட்டால், அடுத்தடுத்த வருஷங்களில் சலவைக் கூலி மட்டும்தான் செலவு. பிள்ளைகள்தான் வருஷா வருஷம் மாறுகிறார்கள். ஐந்து வயதின் உயரம் மாறுவதில்லை. இந்த யோசனையைப் பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொன்னால், கரஸ்பாண்டென்ட் புன்னகையுடன் 'நல்ல சஜஷன், நோட் பண்ணிக்கிறோம்' என்பார். அதோடு அந்த யோசனைக்கும் கிராஜுவேஷன் முடிந்துவிடும்.

3. வாடகையா, வாங்குவதா, தைப்பதா?

சில பள்ளிகள் கவுனை நீங்களே ஏற்பாடு செய்துகொள்ளச் சொல்லும். மூன்று வழிகள் உண்டு.

வாடகை: பேன்ஸி டிரஸ் வாடகைக் கடைக்குப் போங்கள். கிருஷ்ணர் உடைக்கும் கட்டபொம்மன் உடைக்கும் நடுவில் தொங்குவதுதான் பட்டதாரி. நேற்று வேறொரு பள்ளியில் வேறொரு குழந்தை போட்டுக் கழற்றியது; பாக்கெட் இருந்தால் கைவிட்டுப் பாருங்கள், பாதி சாக்லேட் கிடைக்கும். டெபாசிட் கேட்பார்கள். கறை பட்டால் பிடித்துக்கொள்வார்கள். ஐந்து வயதுக் குழந்தை, மேடை, அதன் பிறகு தரப்போகும் கேக் ஆகிய மூன்றையும் சேர்த்து யோசித்தால், டெபாசிட்டை அப்போதே மறந்துவிடுவது நிம்மதி.

ஆன்லைன்: படத்தில் கவுன் மினுமினுக்கும். வந்து சேர்வது குப்பைக்கவரைவிட ஒரு நூல் கனமாக இருக்கும். 'மூன்று முதல் எட்டு வயது வரை' என்று போட்டிருப்பார்கள். அதாவது எந்த வயதுக்கும் பொருந்தாது. ரிட்டர்ன் போடலாம்; ஆனால் வேறு அளவு வந்து சேரும் தேதி விழாவுக்கு மறுநாளாக இருக்கும்.

தைப்பது: தாம்பரத்தில் பீச் லோக்கல் பிடித்து, கோட்டையில் இறங்கி, பாரிமுனை கோடவுன் தெருவில் மொத்த விலைக்கு சாட்டின் எடுக்கலாம். ஒரு கவுனுக்குப் போனால் நஷ்டம். பத்து வீட்டுக்குச் சேர்த்து எடுத்தால் லாபம். தெருமுனை டெய்லரிடம் கொடுக்கும்போது படம் காட்டிவிடுங்கள். காட்டாமல் வாயால் விளக்கினால், முழுக்கை, தளர்வு, கணுக்கால் வரை நீளம் என்ற மூன்றையும் கேட்டு அவருக்குத் தெரிந்ததைத்தான் தைப்பார். விழா மேடையில் உங்கள் பிள்ளை மட்டும் கறுப்பு நைட்டியில் நிற்கும்.

4. துணியும் தட்பவெப்பமும்

இந்த அங்கியின் பூர்வீகம் இடைக்கால ஐரோப்பா. அன்று ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் போன்ற இடங்களில் படித்தவர்களும் படிப்பித்தவர்களும் பெரும்பாலும் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். அவர்கள் உடுத்திய நீள அங்கியே பல்கலைக்கழக உடையாயிற்று. கணப்பு இல்லாத கருங்கல் மண்டபங்களில் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளவும் அது உதவியது.

சூட்டைத் தக்கவைப்பதில் அது இன்றும் தன் கடமையைச் செய்யும். மீனம்பாக்கம் வெப்பமானி மார்ச்சிலேயே 33, 34 டிகிரியைத் தொட்டுவிடும். விழா நடப்பது தகர ஷெட் போட்ட மைதானத்திலோ, ஏசி போட்டால் தனிக் கட்டணம் என்பதால் ஏசி போடாத கல்யாண மண்டபத்திலோ. துணி பாலியஸ்டர். எனவே பையில் சின்னத் துண்டு, விசிறி, உப்பு போட்ட மோர் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கவுனை வீட்டிலேயே மாட்டி ஆட்டோவில் ஏற்றாதீர்கள். கேம்ப் ரோடு சிக்னலைத் தாண்டுவதற்குள் பட்டதாரி தூங்கிவிடுவார்.

கவுனின் கையையும் கவனியுங்கள். அமெரிக்காவில் 1895-இல் கல்லூரிகள் கூடி யார் எப்படிப்பட்ட அங்கி போடுவது என்று விதி வகுத்தன. இளநிலைப் பட்டதாரிக்குக் கூரான கை. முனைவருக்கு மணி வடிவில் விரிந்த கை. அதில் மூன்று வெல்வெட் பட்டைகள். டெய்லர் அழகுக்காக இருக்கட்டும் என்று மூன்று பட்டை வைத்துவிட்டால், உங்கள் குழந்தை அந்த விதிப்படி யு.கே.ஜி.யிலேயே முனைவர். சொந்தக்காரர்களிடம் தாராளமாகச் சொல்லலாம்.

5. தொப்பி விஷயத்தில் எச்சரிக்கை

சதுர அட்டை, கீழே ஒரு வளையம், அதில் எலாஸ்டிக். குழந்தைத் தலையில் இது நிற்காது. எண்ணெய் தடவி ரெட்டைச் சடை போட்ட தலையில் அறவே நிற்காது. நாலு ஹேர்பின் அவசியம். முடி வெட்டி மொழுமொழுவென்று இருக்கும் பையனுக்கு ஹேர்பின்னும் பயன்படாது; அவன் ஒரு கையால் பிடித்துக்கொண்டே மேடையேறட்டும். பார்ப்பவர்கள் சல்யூட் என்று நினைத்துக்கொள்வார்கள்.

குஞ்சம் வலப்பக்கம் தொங்க வேண்டும். பட்டம் வாங்கியதும் இடப்பக்கம் மாற்ற வேண்டும். இது அமெரிக்க வழக்கம். 'வலது எது, இடது எது' என்பது யு.கே.ஜி. பாடத்திட்டத்தில் இருக்கிறது. அதில் உண்மையிலேயே தேறியவர்கள் யார் என்பது அன்று மேடையில் தெரிந்துவிடும். விழா முழுவதிலும் நடக்கும் ஒரே தேர்வு இதுதான்.

தொப்பியை வானத்தில் எறிவது பற்றி. அமெரிக்காவின் அன்னபோலிஸ் கடற்படை அகாடமியில் 1912-இல் இது தொடங்கியது என்பார்கள். அதுவரை படிப்பு முடிந்த பின்னும் இரண்டு வருஷம் பழைய நிலையிலேயே கப்பலில் பணியாற்ற வேண்டியிருந்ததால் தொப்பி தேவைப்பட்டது. அந்த ஆண்டு முதல் உடனே அதிகாரி ஆனார்கள். பழைய தொப்பிக்கு இனி வேலை இல்லை, எறிந்தார்கள். உங்கள் தொப்பிக்கு வேலை இருக்கிறது. நாளைக் காலை பத்து மணிக்குள் கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். இங்கிலாந்தின் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகம் 2016-இல், தொப்பி விழுந்து காயம்படுகிறது என்று சொல்லி, எறிவது மாதிரிப் பாவனை மட்டும் செய்யச் சொன்னது. தொப்பி பறப்பதைப் பிறகு கணினியில் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குத் தனிக் கட்டணம். இந்தத் தகவலை நம் ஃபோட்டோகிராஃபர் காதில் போட்டுவிடாதீர்கள்.

6. மேடை நாள்

ஒன்பதரை மணிக்கு என்று அழைப்பிதழில் இருந்தால், குழந்தை எட்டரைக்கே அங்கே இருக்க வேண்டும். சீஃப் கெஸ்ட் பதினொன்றுக்கு வருவார். இடைப்பட்ட நேரத்தில் குழந்தைக்கு ஒன் பாத்ரூம் வரும். கவுன், அதற்குள் புது டிரஸ், அதற்குள் பெல்ட் என்ற மூன்றடுக்குப் பாதுகாப்பை முந்தைய நாளே ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுங்கள். வரவேற்பு நடனப் பாட்டை விட இது முக்கியமான ஒத்திகை.

பட்டம் பெற்ற பின் ஒவ்வொருவரும் மைக்கில் ஒரு வரி சொல்ல வேண்டும். 'நான் டாக்டர் ஆவேன்', 'நான் கலெக்டர் ஆவேன்' என்று வரிசையாக வரும். நடுவில் ஒருவன் 'நான் ஜேசிபி ஓட்டுவேன்' என்பான். அவனுடைய பெற்றோர் தலையைக் குனிவார்கள். குனிய வேண்டியதில்லை. எங்கே பார்த்தாலும் வீடு எழும்பும் இந்தப் பகுதியில், வேலை நிலவரத்தைத் தெரிந்துவைத்துப் பேசியவன் அவன் ஒருவன்தான்.

7. வீட்டில் எழும் கேள்விகளும் பதில்களும்

'எந்த யுனிவர்சிட்டி பட்டம் இது?' என்று தாத்தா கேட்பார். அவரைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கியபோது முதலில் பி.ஏ. தேறியவர்கள் இரண்டே பேர்: சி.வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். கணிதமேதை ராமானுஜன் கும்பகோணத்திலும் பச்சையப்பனிலும் எஃப்.ஏ. தேறாமல், துறைமுகத்தில் கிளார்க் வேலை பார்த்து, கடல் கடந்து போய், 1916-இல்தான் கேம்பிரிட்ஜில் பட்டம் வாங்கினார். நம் பிள்ளை ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலைக் கடந்தால் போதும். இதைத் தாத்தாவிடம் முன்னேற்றம் என்று விளக்குங்கள்.

'வெள்ளைக்காரன் உடுப்பு நமக்கெதுக்கு?' என்று சித்தப்பா கேட்பார். அவர் தனி ஆள் இல்லை. 2010 ஏப்ரலில் போபாலில் நடந்த வன மேலாண்மை நிறுவனப் பட்டமளிப்பில், அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், காலனியாட்சியின் மிச்சம் இது என்று மேடையிலேயே அங்கியைக் கழற்றினார். பல்கலைக்கழக மானியக் குழு 2015-லும் 2019-லும் பட்டமளிப்புக்குக் கைத்தறி உடுத்தலாமே என்று எழுதியது. 2024 ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகம், தன் கீழுள்ள மருத்துவக் கல்வி நிறுவனங்களைக் கறுப்பு அங்கியை விட்டு அந்தந்த மாநில மரபுப்படி உடை வடிவமைக்கச் சொன்னது. ஆக, எய்ம்ஸ் டாக்டர்கள் கழற்றத் தொடங்கிய அங்கியை யு.கே.ஜி. டாக்டர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். சித்தப்பாவிடம் இவ்வளவும் சொல்லிவிட்டு, அவரையே கவுனுக்குப் பின்னூசி குத்தச் சொல்லுங்கள். குத்துவார்.

'வேன்ல கூட வர்ற பையன் ஏம்மா வரலை?' என்று குழந்தை கேட்கும். இதற்குத்தான் பதில் தயாராக இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் எல்.கே.ஜி. சேர்ந்த பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தை அரசு பள்ளிக்குக் கொடுக்கும். அதில் தொப்பியும் குஞ்சமும் வராது. ஒதுக்கீடு இல்லாமலே, அந்த மாதம் கையில் பணம் இல்லாத வீடுகளும் உண்டு. அவர்கள் 'காய்ச்சல்' என்று லீவ் லெட்டர் எழுதுவார்கள். கிராஜுவேஷன் வாரத்தில் காய்ச்சல் ஏன் கூடுகிறது என்று மாநகராட்சி சுகாதாரத் துறை ஆராய வேண்டியதில்லை. உங்கள் செக்‌ஷனில் அப்படிக் காய்ச்சல் வரும் என்று தெரிந்தால், மிஸ்ஸிடம் தனியாகப் பேசி, பெயர் போடாமல் ஒரு கவுனுக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். இந்தக் கையேட்டில் கேலி கலக்காத ஒரே ஆலோசனை இது.

8. படத்தை எங்கே மாட்டுவது?

ஹாலில், டிவிக்கு மேலே. முன்பெல்லாம் நம் வீடுகளில் அங்கிப் படம் என்றால் ஒன்றே ஒன்று இருக்கும். குடும்பத்தில் முதலில் காலேஜ் போன பெரியப்பா, கையில் சுருட்டிய தாளோடு, ஸ்டூடியோ திரைக்கு முன்னால் நிற்பார். அவர் பரீட்சை எழுதி, அரியர் எழுதி, எல்லாம் முடிந்த பிறகு எடுத்த படம் அது. நாம் அந்த வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறோம். படத்தை முதலில் எடுத்துவிடுகிறோம். படிப்பு பின்னால் வரட்டும்.

சிரிக்க வேண்டாம், இதில் நியாயம் இருக்கிறது. நிஜப் பட்டத்தன்று படம் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பி.இ. முடித்த பிள்ளைக்குக் கல்லூரியில் பட்டமளிப்பு வைக்கும்போது அவன் சோழிங்கநல்லூரிலோ பெங்களூருவிலோ வேலையில் இருப்பான். லீவு கிடைக்காது. கிடைத்தாலும், 'கவுன் வாடகை, சாப்பாடு எல்லாம் வேஸ்ட்மா, சர்ட்டிஃபிகேட்டை அப்புறம் வாங்கிக்கிறேன்' என்பான். அதே பிள்ளைக்கு ஐந்து வயதில் மறுக்கத் தெரியவில்லை. பட்டம் யாருக்கு வேண்டியிருந்ததோ, அவர்கள் ஆசைப்பட்ட நேரத்தில், அவர்கள் சொன்னபடி நின்று, அவர்கள் கேட்டபோது சிரித்தது. டிகிரி வாங்காத பாட்டி பக்கத்தில் நின்று அந்தத் தொப்பியைத் தொட்டுப் பார்க்கிறாள் என்றால், அதற்கு 600 ரூபாய் அதிகமில்லை. ஆனால் அந்த ரசீதைக் குழந்தையின் பெயரில் போடாமல் நம் பெயரில் போட்டிருக்க வேண்டும்.

9. விழாவுக்குப் பிறகு

மறுவாரம் இன்னொரு சர்க்குலர் வரும். ஒன்றாம் வகுப்புக்குப் புதுக் கட்டணம், புது யூனிஃபார்ம். பட்டம் பெற்று வெளியேறிய அதே கட்டடத்தில், வராந்தாவைத் தாண்டி எதிர் அறைக்குப் போவதற்கு. அதற்குள் பள்ளி மீண்டும் பெருமகிழ்ச்சி அடைந்திருக்கும்.

விலைக்கு வாங்கிய கவுனைத் தூக்கிப்போடாதீர்கள். அடுத்த பேன்ஸி டிரஸ் போட்டிக்கு வெள்ளைப் பட்டை கட்டினால் வக்கீல். கண்ணாடி மாட்டினால் ஹாரி பாட்டர். நவராத்திரி கொலுவில் மலைக்குப் பின்னணித் துணி. முடி வெட்டும்போது கழுத்தில் கட்டலாம்.

எல்.கே.ஜி. படிக்கும் தங்கைக்கு எடுத்துவைக்கலாமே என்று மட்டும் நினைக்காதீர்கள். இந்த வருஷம் கறுப்பு. அடுத்த வருஷம் பள்ளி நேவி ப்ளூவுக்கு மாறும்.